திரைக்கு இந்தப் பக்கம்: ஒரே கட்டைவிரல் மிச்சமிருக்கும் நேரத்துக்கு ஒரு செயலி

சிங்கப்பூரில் சிறப்புத் தேவையுள்ள இளையர்களைப் பார்த்துக்கொள்வோர் பயன்படுத்தும் செயலிகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். செய்பவர்கள், பயன்படுத்துபவர்கள், யாரைப் பற்றி அந்தச் செயலிகளில் எழுதப்படுகிறதோ அவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம்: முன்பு நான் சிறப்புப் பள்ளி ஆசிரியை. இப்போது செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறேன். என் தம்பிக்கு ஆட்டிசம். முப்பதைத் தாண்டிவிட்டான், அம்மாவும் நானும்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறோம். ஆகவே எட்ட நின்று பதில் சொல்ல என்னால் முடியாது.

*

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறோம். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும்) உள்ள இளையர்களைப் பராமரிப்பவர்களுக்காக ஒரு செயலி செய்கிறோம். நாட்குறிப்பு, மனநிலைப் பதிவு, மருந்து நினைவூட்டல், பெற்றோர் அரட்டை, நாள் தவறாமல் பதிவிட்டால் பதக்கம் எல்லாம் உண்டு. நிற வேறுபாடு, எழுத்தளவு இரண்டையும் சோதித்துவிட்டோம். எல்லாரும் சிரமமில்லாமல் பயன்படுத்த இன்னும் என்ன செய்ய வேண்டும்?
— மாணவி, பொங்கோல்

நிற வேறுபாட்டைச் சோதித்தது நல்லது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி, அதாவது திரையில் வருவதை எல்லாரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான உலக வழிகாட்டி. இலவசக் கருவி எதுவும் அதை நொடியில் அளந்துவிடும். செயலியைத் திறக்கிற நேரத்தில் பிள்ளையைப் பராமரிக்கும் அம்மா என்ன நிலைமையில் இருக்கிறார் என்பதை எந்தக் கருவியும் அளக்காது. உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு காட்சி: பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையம், வட்டப் பாதைக்கு இறங்கும் மின்படிகளின் பக்கம். வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் நேரம். ஒலிபெருக்கி அறிவிப்பும் கதவு மூடும் ஓசையும் ஒன்றாகச் சேர்ந்துவிட, தம்பி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். கூட்டத்தில் மிதிபட்டுவிடக் கூடாதே என்று அம்மாவின் இடது கை அவன் தோளை அணைத்திருக்கிறது. வலது தோளில் பை, வலது முழங்கையில் குடை. கைப்பேசிக்கு மிச்சமிருப்பது வலது கட்டைவிரல் ஒன்றே. கண்ணாடி பைக்குள் கிடக்கிறது. ஒருவர் காணொளி எடுக்கிறார். இன்னொருவர் உண்மையான அக்கறையோடு குனிந்து, "ஆர் யூ ஓகே?" என்று தம்பியிடமே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவர் கேட்கக் கேட்கத் தம்பிக்கு இன்னும் தாங்க முடியாமல் போகிறது.

இந்த நேரத்தில் அம்மா நாட்குறிப்பைத் தேட மாட்டார். சுற்றி நிற்பவர்களிடம் காட்ட ஓர் அட்டைதான் அவருக்கு வேண்டும். திரை முழுக்கப் பெரிய எழுத்தில், "இவருக்கு ஆட்டிசம். யாருக்கும் ஆபத்தில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பேச்சுக் கொடுக்க வேண்டாம். சிறிது நேரத்தில் சரியாகிவிடும்" என்று இருக்க வேண்டும். முதலில் ஆங்கிலத்தில், ஒரு தட்டுத் தட்டினால் மாண்டரினில், மலாயில், தமிழில். அடுத்தது தம்பிக்குக் காட்ட ஒரு படம்: "முதலில் இது, பிறகு அது" என்று சிறப்புப் பள்ளிகளில் காட்டும் இரண்டு கட்டங்கள். அவற்றில் இருக்க வேண்டியவை அவன் வீட்டுப் புகைப்படங்கள். கடையில் வாங்கிய சித்திரங்கள் அல்ல. அப்புறம் ஒரே ஒருவரை அழைக்க ஒரு பொத்தான். முதல் திரையில் இவை மூன்றும் போதும். மற்ற எல்லாம் உள்ளே போகட்டும்.

அந்த மூன்றும் திரையின் கீழ்ப்பாதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பொத்தானுக்குக் குறைந்தது 24 பிக்சல் போதும் என்கிறது. ஆண்ட்ராய்டு வழிகாட்டி 48 என்கிறது. என்னைக் கேட்டால் இந்த மூன்று பொத்தான்களும் திரையின் முழு அகலத்துக்கு இருக்கலாம், நடுங்கும் விரல் தவறாமல் படட்டும். "உறுதியாகச் செய்யவா?" என்று கேட்காதீர்கள். செய்துவிட்டு, வேண்டாமென்றால் திரும்பப் பெற வழி வையுங்கள். உள்நுழையாமலேயே, இணையம் இல்லாமலேயே இந்தத் திரை வேலை செய்ய வேண்டும்.

அவசர எண்களும் செயலியில் இருக்கட்டும், ஆனால் தவறுதலாக விரல் படாத இடத்தில். உயிருக்கு ஆபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு 995. வாய்விட்டுப் பேச முடியாத நிலையில் காவல்துறைக்கு 70999 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. பராமரிப்பவருக்கே மனசு தாங்காத இரவுகள் உண்டு, அதற்கு மனநல உதவி எண் 1771. எந்த எண்ணுக்கும் செயலி தானாக அழைக்கக் கூடாது. சீருடையில் யாராவது வந்து நின்றால் அமைதியாகும் பிள்ளைகளைவிட மிரண்டுபோகும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அம்மா பார்க்கும் அதே திரையைத்தான் அந்த இளையரும் பார்க்கிறார். அதனால் திடீர் ஓசை வேண்டாம், துள்ளி வரும் படங்கள் வேண்டாம். தானாக நகர்வது எதுவும் ஐந்து விநாடிக்கு மேல் ஓடினால் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னவே கூடாது. கைப்பேசி அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் உங்கள் செயலி மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிய வேண்டும்.

உங்கள் பட்டியலைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. நரம்பியல் வேறுபாடு உள்ளவர்கள் ஒரு பக்கம், பராமரிப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் குடும்பங்களில் வழிவழியாக வருபவை. பிள்ளைக்கு ஏடிஎச்டி என்று மருத்துவர் சொல்லும்போதுதான், "நானும் இப்படித்தானே இருந்தேன்" என்று உணரும் அப்பாக்கள் இருக்கிறார்கள். மருந்து நேரத்தை மறப்பவரும், நீளமான பத்தியைப் பார்த்ததும் மூடிவிடுபவரும் அந்த அப்பாவாகவே இருக்கலாம். அறிதிறன், கற்றல் சிரமங்கள் உள்ளவர்களுக்கு எப்படி வடிவமைப்பது என்று டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு 2021 ஏப்ரலில் ஓர் ஆவணம் வெளியிட்டது. அடுத்த திரையை வரைவதற்கு முன் குழுவாக உட்கார்ந்து அதைப் படியுங்கள். நினைவாற்றலை நம்பி எதையும் வடிவமைக்காதீர்கள், உதவி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும், தவறு நடந்தால் திருத்துவது எளிதாக இருக்கட்டும் என்பவை அதில் வருகின்றன.

அந்தப் பதக்கத்தை எடுத்துவிடுங்கள். மகன் தூங்காததால் தானும் தூங்காத அம்மா காலையில் செயலியைத் திறக்கும்போது, "உங்கள் தொடர் அறுந்தது" என்று அது சொல்லும். எது முடியவில்லை என்று ஏற்கெனவே ஆயிரம் பேர் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் செயலியும் அந்த வரிசையில் சேர வேண்டுமா? பெற்றோர் அரட்டையையும் இப்போதைக்கு விடுங்கள். நள்ளிரவில் யாரோ ஒருவர், "இந்த உணவை நிறுத்தினால் ஆட்டிசம் போய்விடும்" என்று எழுதுவார்; அதைக் கண்காணிக்க உங்களிடம் ஆள் இருக்காது.

நாட்குறிப்பு இருக்கலாம். அதில் "இப்போது" என்று ஒரே ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் நேரம் மட்டும் பதியட்டும். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, மனசு அடங்கிய பிறகு விருப்பமிருந்தால் மூன்று வரி எழுதலாம்: அதற்கு முன் என்ன நடந்தது, என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆனது. ஆசிரியர்களும் உளவியலாளர்களும் பின்பற்றும் வரிசையும் இதுதான் என்பதால் மருத்துவரிடம் அப்படியே காட்டலாம். எழுதாமல் விட்டால் விட்டதாகவே இருக்கட்டும், நச்சரிக்க வேண்டாம். நல்லபடியாகப் போன நேரத்தைப் பதியவும் அதே அளவுப் பொத்தான் ஒன்று வேண்டும். கெட்டது மட்டும் சேரும் நாட்குறிப்பு, கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையின் மேல் எழுதப்பட்ட குற்றப் பத்திரிகை ஆகிவிடும்.

*

பாதி எழுதிக்கொண்டிருப்பேன், மகன் கூப்பிடுவான். போய்விட்டு வந்தால் செயலி என்னை வெளியேற்றியிருக்கும், எழுதியதும் போயிருக்கும். கடவுச்சொல்லும் நினைவுக்கு வராது. எனக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லையா?
— இல்லத்தரசி, ஈசூன்

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. செய்தவர்கள் சரியாகச் செய்யவில்லை. உள்நுழைவதற்கு மனப்பாடம் செய்வதையும் புதிர் விடுவிப்பதையும் ஒரே வழியாக வைக்கக் கூடாது என்பது டபிள்யூசிஏஜி 2.2-இல் வந்துவிட்ட விதி. கைரேகையோ முகமோ போதும். குறைந்தபட்சம், சேமித்து வைத்த கடவுச்சொல்லை ஒட்டவாவது விட வேண்டும். நேரக் கட்டுப்பாடு இருந்தால் முன்கூட்டியே சொல்லி, நீட்டிக்க வழி தர வேண்டும். எழுதுவது ஒவ்வொரு சொல்லாகத் தானே சேமிக்கப்பட வேண்டும்.

செயலியில் "கருத்து அனுப்ப" என்றொரு இடம் இருக்கும். அங்கே இதை அப்படியே ஒட்டி அனுப்புங்கள்: "நான் ஒரு பராமரிப்பாளர். எழுதும்போது அடிக்கடி இடையில் எழுந்துபோக வேண்டியிருக்கிறது. எழுதியதைத் தானாகச் சேமியுங்கள். கைரேகையால் உள்நுழைய வழி செய்யுங்கள்." ஒரே மாதிரிக் கடிதம் பத்துப் பேரிடமிருந்து வந்தால் அடுத்த பதிப்பில் மாற்றம் வருவதை வேலையிடத்தில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

*

பேரனைப் பள்ளிப் பேருந்திலிருந்து கூட்டி வருவது என் பொறுப்பு. மகள் ஒரு செயலியைத் தமிழுக்கு மாற்றித் தந்திருக்கிறாள். பொத்தான்களில் பாதி எழுத்தைக் காணோம். எது எதற்கென்று தெரியாமல் அமுக்குகிறேன். எனக்கு வயது 74.
— ஒரு தாத்தா, தெம்பனிஸ்

ஐயா, நீங்கள் அனுப்பிய கைப்பேசித் திரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பொத்தானில் "பதிவு செ…" என்றிருக்கிறது, பக்கத்துப் பொத்தானில் "ரத்து செ…". அளவும் நிறமும் ஒன்றே. மேல் வரியில் "தூ"வின் வால் இறங்கி, கீழ் வரியில் "கீ"யின் மேல்சுழியோடு மோதுகிறது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துப் பொத்தானை வரைந்து முடித்துவிட்டு, கடைசி நாளில் தமிழை அதற்குள் திணித்தால் இப்படித்தான் வரும். நம் எழுத்து அகலம் கேட்கும், மேலும் கீழும் இடம் கேட்கும். வடிவமைப்பவர்கள் முதல் நாளே தமிழில் வரைந்து பார்த்தால், ஆங்கிலம் தாராளமாக உள்ளே உட்காரும். வரி இடைவெளியைக் கூட்டி, பொத்தானை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, இரண்டாம் வரிக்கு மடிய விட்டாலே பாதித் தொல்லை போய்விடும். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கியும் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

1997-இல் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணைய மாநாடு கூடிய ஊர் இது. கணினியில் தமிழ் வரவே போராடிய காலம் அது. இன்று எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் தெரிகிறது, தமிழில் வாசித்துக் காட்டவும் குரல் இருக்கிறது. இந்த ஊரில் செய்யப்படும் செயலியில் எழுத்து வெட்டுப்படுவதை நான் பொறுத்துக்கொள்வதாக இல்லை.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: கைப்பேசியைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பாருங்கள், சில செயலிகளில் முழு எழுத்தும் தெரியும். மகளிடம் திரை வாசிப்பானைத் தமிழ்க் குரலில் அமைத்துத் தரச் சொல்லுங்கள். பொத்தானைத் தொட்டால் அது எதற்கென்று சொல்லும். தட்டச்சு செய்யவே வேண்டாம். "பேருந்து வந்துவிட்டது, பையன் நன்றாக இருக்கிறான்" என்று குரலில் பதிந்து அனுப்புங்கள். ஒரு தாத்தாவுக்கு அந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யும் திரை போதுமென்று செயலி செய்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

*

இல்லப் பணிப்பெண்ணும் அதே செயலியைப் பயன்படுத்தட்டும் என்று என் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். சரிதானா?
— தாயார், ஜூரோங் வெஸ்ட்

வேண்டாம். அவருக்கென்று தனிக் கணக்கும் அவர் படிக்கும் மொழியும் வேண்டும், அது தமிழோ பர்மியமோ இந்தோனேசியமோ. இன்றைய அட்டவணை, எது பிடிக்கும், எது பிடிக்காது, எதற்கு ஒவ்வாமை, யாரை அழைப்பது என்பவை அவருக்குத் தெரிந்தால் போதும். பழைய மருத்துவ அறிக்கைகள் அவருக்கு எதற்கு? அவர் எழுதும் குறிப்பை வைத்து அவரையே குற்றம் சாட்ட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையையும் கொடுங்கள். பயந்தவர் உண்மையை எழுத மாட்டார்.

*

மகளுக்கு அடுத்த ஆண்டு 18 ஆகிறது, சிறப்புப் பள்ளியை விட்டு வரப்போகிறாள். அதன்பின் என்ன என்று யோசித்தாலே தூக்கம் வரவில்லை. இதற்கெல்லாம் செயலி உதவுமா?
— தந்தை, உட்லண்ட்ஸ்

கொஞ்சம் உதவும். சிறப்புப் பள்ளியில் பெரும்பாலோருக்கு 18 வயதோடு படிப்பு முடிகிறது. தொழிற்பயிற்சிப் பிரிவில் இருப்பவர்கள் 21 வரை தொடரலாம். அதன்பின் வேலை, பாதுகாப்பான பணிமனை (உதவியோடு வேலை செய்யும் இடம்), பகல்நேர நடவடிக்கை நிலையம் எனப் பாதை பிரிகிறது. பள்ளியிலிருந்து வேலைக்கு மாறுவதற்கான திட்டத்தைப் பற்றி உங்கள் பள்ளியிடமே இந்த ஆண்டே கேளுங்கள். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பும் அதில் சேர்ந்து இயங்குகிறது. வேலை செய்யும் வயதில் உள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் 2030-க்குள் வேலையில் இருக்க வேண்டும் என்று எனேபலிங் மாஸ்டர்பிளான் 2030 என்ற தேசியத் திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு இருக்கும்போதே நாம் கேட்டு நிற்பது நல்லது.

அடுத்த தேதி 21. அதன்பின், பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காக வங்கியிலும் மருத்துவமனையிலும் உங்கள் கையெழுத்து செல்லாது. மகளால் சொந்தமாக முடிவெடுக்க இயலாத விஷயங்களுக்கு, 2008-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்படி நீதிமன்றம் உங்களை அவருடைய பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். சிறப்புப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு இந்த விண்ணப்பத்தில் கைகொடுக்கத் தனித் திட்டமும் உண்டு. மகளுக்குப் புரிந்து முடிவெடுக்கும் திறன் இருந்தால், 21 வயதில் அவரே நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதி, தனக்காகப் பேச யாரை நம்புகிறார் என்று சொல்லலாம். இந்த இரண்டாவது வழியை நிறைய பேர் யோசித்தும் பார்ப்பதில்லை. "இவளால் முடியாது" என்று முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். பணம் பற்றிய கவலைக்கு, சிறப்புத் தேவையுள்ளவர்களின் சேமிப்பை அறக்கட்டளை முறையில் நிர்வகிக்க எஸ்என்டிசி என்ற லாப நோக்கற்ற நிறுவனம் இருக்கிறது.

செயலியில் நான் எதிர்பார்ப்பது, இந்தத் தேதிகளை ஓராண்டு முன்னதாகவே ஒவ்வொன்றாகச் சொல்வது. மொத்தத்தையும் சிவப்பு எழுத்தில் ஒரே நாளில் கொட்டக் கூடாது. "என்னைப் பற்றி" என்று ஒரு பக்கமும் வேண்டும். புது இடத்தில் புது ஆசிரியரிடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்லிச் சொல்லியே பெற்றோர் ஓய்ந்துபோகிறார்கள். அந்தப் பக்கத்தை மகளோடு உட்கார்ந்து, "எனக்கு" "நான்" என்று அவர் சொல்வதுபோல் எழுதுங்கள். "கை உலர்த்தும் இயந்திரத்தின் ஓசை எனக்கு வலிக்கும். காகிதத் துண்டு இருக்கும் கழிவறையைக் காட்டுங்கள்." என் தம்பியின் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

*

எனக்கு 19 வயது. ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டும் உண்டு. அம்மா ஒரு செயலியில் என் தூக்கம், கோபம், கழிவறை போவது, எங்கே இருக்கிறேன் என்பது எல்லாவற்றையும் பதிகிறார். பெரியம்மாவிடமும் காட்டுகிறார். எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் "உன் நல்லதுக்குத்தான்" என்கிறார். நான் கேட்பது தப்பா?
— இளையர், செங்காங்

தப்பே இல்லை, தம்பி. இத்தனை கடிதங்களில் இதைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா ஒப்பந்தத்தை சிங்கப்பூர் 2013-இல் ஏற்றது. அதன் 22-ஆம் பிரிவு அந்தரங்கத்தைப் பற்றியது: உடல்நலம், மறுவாழ்வு பற்றிய தகவல்களை மற்றவர்களுக்குக் காப்பதுபோல் உங்களுக்கும் காக்க வேண்டும் என்கிறது. நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்குள் அம்மா எழுதும் குறிப்பைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நிறுவனத்திடம் நீங்கள் கேட்கலாம்.

அம்மாவிடம் சட்டம் பேசச் சொல்லவில்லை. அவர் பக்கத்தையும் எனக்குத் தெரியும். பல ஆண்டுகளாக மருத்துவர்கள் அவரிடம், "எத்தனை முறை? எப்போதிலிருந்து?" என்றுதான் கேட்டிருப்பார்கள். பதில் தெரியாமல் நின்ற பயத்தில் எல்லாவற்றையும் எழுதப் பழகியிருப்பார். டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒன்றை எழுதினார்: ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரியாமல் போவது இருபக்கமும் நடப்பது, ஒருவருடைய குறை மட்டும் அல்ல. அம்மாவின் பதிவில் "காரணமில்லாமல் கோபப்பட்டான்" என்றிருக்கலாம். காரணம் உங்களுக்குத் தெரியும். செயலியில் அதை எழுத உங்களுக்கு இடமில்லை.

அதனால் அம்மாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்வது கடினமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். "நீங்கள் எழுதுவதை நானும் படிக்க வேண்டும். கழிவறை விஷயத்தை மருத்துவர் கேட்டால் தவிர எழுத வேண்டாம். பெரியம்மாவிடம் காட்டுவதற்கு முன் என்னைக் கேளுங்கள். நடந்ததை நானும் என் வார்த்தையில் எழுதுகிறேன், இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் கொண்டு போவோம்." இது அவருக்கும் உதவும். ஒருவர் மட்டும் பார்த்து எழுதியதைவிட இது முழுமையான பதிவு.

இருக்கும் இடத்தைக் காட்டுவது கொஞ்சம் சிக்கல். சிறு வயதில் காணாமல் போன பிள்ளையைத் தேடி அலைந்த அம்மாவிடம் அதை அணைக்கச் சொல்வது லேசல்ல. நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியே போகும்போது இருக்கட்டும், நண்பரோடு இருக்கும்போது வேண்டாம், வீடு திரும்பிவிட்டால் தானாக நிற்கட்டும்.

செயலி செய்பவர்களே, இந்தத் தம்பியின் கடிதத்தை உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவர் கைப்பேசியில், "அம்மா இப்போது பார்த்தார்" என்று வர வேண்டும். இந்தக் குறிப்பை யார் யார் படிக்க முடியும் என்பது குறிப்பின் தலையிலேயே தெரிய வேண்டும், அமைப்புகளுக்குள் ஐந்தாவது பக்கத்தில் அல்ல. தாங்க முடியாமல் தவித்த நேரத்தில் எடுத்த காணொளியைச் செயலிக்குள் ஏற்றவே வழி வைக்காதீர்கள். மருத்துவர் பார்க்க வேண்டுமென்றால் அம்மா தன் கைப்பேசியிலேயே காட்டட்டும். அம்மா எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்த இளையர் ஒருநாள் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு கேள்விகளை அமையுங்கள். "கோபத்தின் அளவு 1 முதல் 10" என்று கேட்க அப்போது உங்களுக்கே கை வராது.

*

சிறு நிறுவனம் நடத்துகிறேன். இப்படி ஒரு செயலியைச் சோதிக்கப் பராமரிப்பாளர்களை எங்கே தேடுவது? சமூக நோக்கம் என்பதால் இலவசமாக வருவார்களா?
— வாசகர், கிளமெண்டி

வருவார்கள், அதனால்தான் இலவசமாகக் கூப்பிடாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் ஒருவரிடம் கெஞ்சியிருப்பார். சோதனைக்கு நீங்கள் வேறு யாருக்கும் கொடுக்கும் அதே கட்டணத்தைக் கொடுங்கள், மாற்று ஆள் செலவையும் சேர்த்து. பிள்ளையும் வந்து சோதித்தால் அவருக்கும் தனியாகக் கட்டணம் உண்டு.

லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்காக உள்ள எனேபலிங் வில்லேஜ் வளாகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே டெக் ஏபல் என்ற இடத்தில் உதவித் தொழில்நுட்பக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம், அங்கிருப்பவர்களிடம் பேசலாம். பராமரிப்பாளர் குழுக்கள் வழியாக ஆள் கேட்கும்போது, எத்தனை நேரம், என்ன கேட்போம், எவ்வளவு தருவோம் என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். இளையருக்கான ஒப்புதல் படிவத்தைப் படங்களோடு, ஒரு வரிக்கு ஒரு விஷயமாகத் தனியாகத் தயாரியுங்கள். அம்மா கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது.

உங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். அவர் வீட்டுக்கோ, அவர் புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடைக்கோ நீங்கள் போங்கள். பிள்ளை தூங்கிய பிறகுதான் நேரம் என்றால் இரவு காணொளி அழைப்பில் பேசுங்கள். உங்கள் புதுக் கைப்பேசியைக் கொடுக்காமல் அவருடைய கைப்பேசியிலேயே செயலியை ஏற்றுங்கள். விரிசல் விழுந்த திரை, நிரம்பி வழியும் நினைவகம், பெரிதாக்கிய எழுத்து எல்லாம் அங்கேதான் தெரியும். ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் இயக்கச் சொல்லிப் பாருங்கள். மிக மோசமான நேரத்தை நடித்துக் காட்டச் சொல்லவே சொல்லாதீர்கள், "கடைசியாக அப்படி நடந்தபோது கைப்பேசி எங்கே இருந்தது?" என்று கேட்டால் தேவையானதெல்லாம் கிடைக்கும்.

பணத்தைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மகன் கூப்பிட்டு அவர் பாதியில் எழுந்து போனாலும் அது அவருடையதுதான்.